ஜாஸ், ப்ளூஸ் கலைஞர்களின் படங்களைக் காதால் பார்ப்பது எப்படி

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ், ப்ளூஸ் இசையைத் தெரிந்துகொள்ள விரும்புபவர் பெரும்பாலும் முதலில் தேடிப்போவது, நடிகர்கள் நடித்த வாழ்க்கை வரலாற்றுப் படத்தைத்தான். நானும் கிளின்ட் ஈஸ்ட்வுட் 1988இல் இயக்கிய 'பேர்ட்' படத்திலிருந்துதான் தொடங்கினேன். இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக ஓடிய அந்தப் படம் முடிந்தபோது, அதன் நாயகரான ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கர் ஹெராயினுக்கு அடிமையாகி 34 வயதில் இறந்துபோனார் என்பது மனத்தில் பதிந்திருந்தது. ஆல்ட்டோ சாக்ஸஃபோனில் அவர் அப்படி என்னதான் செய்தார் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. படத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, நான் போன வரிசைதான் தவறு. ஆகவே இங்கே சொல்லப்போவது அந்த வரிசையைத் திருப்பிப்போடும் முறை: கலைஞர் தாமே வாசிக்கும் பழைய பதிவுகளை முதலிலும், கச்சேரிப் படங்களையும் ஆவணப்படங்களையும் அடுத்தும், நடிகர்கள் நடித்தவற்றைக் கடைசியிலும் பார்ப்பது. எந்தப் படமானாலும் ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்: இப்போது என் காதில் விழும் ஒலி யாருடையது, அது எப்போது, எங்கே பதிவானது?

முன்னேற்பாடு

கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இந்தப் படங்களைப் பார்க்க வேண்டாம். டபுள் பாஸ் என்ற பெரிய தந்திவாத்தியத்தின் கீழ்ச்சுரங்கள் அதில் கேட்கவே கேட்காது. தொப்பி எனப்படும் இடப்பக்கம் ஒலிக்காத மிருதங்கத்தோடு கச்சேரி கேட்டது போலாகிவிடும். சுமாரான ஹெட்ஃபோன் இருந்தாலே போதும். பாட்டு வரும் இடங்களை முதல் முறை வசன வரிகளை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. வரிகள் ஓடிக்கொண்டிருந்தால் கண் அங்கேயே நின்றுவிடுகிறது, வாசிப்பவரின் கையும் முகமும் தப்பிப்போகின்றன.

இன்னொரு ஆயத்தம் விரல்களில் இருக்கிறது. ப்ளூஸ் பாட்டில் பெரும்பாலானவை பன்னிரண்டு அளவுகள் கொண்ட ஒரே சுற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றிவருபவை. ஓர் அளவுக்கு நான்கு எண்ணிக்கை, ஆக ஒரு சுற்றுக்கு 48. பன்னிரண்டு அளவுகளும் நான்கு நான்காக மூன்று அடிகளாகப் பிரிகின்றன. பாடகர் முதல் அடியில் ஒன்றைச் சொல்வார், இரண்டாம் அடியில் ஏறக்குறைய அதையே திருப்பிச் சொல்வார், மூன்றாம் அடியில் அதற்கு இயைபோடு முடிப்பு வரும். ஒவ்வோர் அடியிலும் குரல் ஏறத்தாழப் பாதியில் நின்றுவிட, மீதியில் கிட்டாரோ சாக்ஸஃபோனோ பதில் சொல்லும். இதை எண்ண நம் கையே போதும். கட்டைவிரலைத் தவிர்த்த நான்கு விரல்களின் மேல் கணுக்களைக் குறுக்காகத் தொட்டுச் சென்றால் முதல் அடியின் நான்கு அளவுகள். நடுக் கணுக்கள் நான்கும் இரண்டாம் அடி. கீழ்க் கணுக்கள் நான்கும் மூன்றாம் அடி. கட்டைவிரல் கடைசிக் கணுவைத் தொட்டுவிட்டு மேல் வரிசைக்குத் திரும்பும்போது இசையும் தொடக்கத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். இரண்டு மூன்று பாட்டுகளில் பழகிவிட்டால், ஒரு கலைஞர் தமக்குக் கிடைத்த சுற்றில் எங்கே நுழைந்தார், எங்கே மூச்சு விட்டார், எங்கே அடுத்தவருக்கு இடம் கொடுத்தார் என்பதெல்லாம் தெரியத் தொடங்கும்.

முதல் இருபது நிமிடம்

தொடக்கத்துக்கு 1944இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'ஜாமின் த ப்ளூஸ்' என்ற பத்து நிமிடக் குறும்படத்தைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. இயக்கியவர் ஜ்யான் மிலி என்ற நிழற்படக் கலைஞர். இருட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இரு வளையங்கள் தெரிகின்றன, அவற்றின் மேல் சிகரெட் புகை நெளிகிறது. அது என்னவென்று நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வளையங்கள் அசைந்து ஒரு தொப்பியாக, தொப்பிக்குக் கீழே டெனர் சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் முகமாக மாறுகின்றன. முதல் முறை இதை அழகுக்காகவே பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் முறை நம் கேள்வியோடு பார்க்க வேண்டும். அக்கால ஹாலிவுட் வழக்கப்படி இசை முன்னதாகவே பதிவு செய்யப்பட்டு, படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டுக் கலைஞர்கள் அதற்கேற்பக் கையசைத்தார்கள். ஒலியும் அவர்களுடையது, கையும் அவர்களுடையது. இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்ந்தவை அல்ல. மூன்றாம் முறை, கிட்டார் வாசிப்பவரின் முகம் ஏன் எப்போதும் இருட்டிலேயே இருக்கிறது என்று கவனியுங்கள். அவர் பார்னி கெஸல், அந்தக் குழுவில் இருந்த ஒரே வெள்ளையர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் சமமாக உட்கார்ந்து வாசிப்பதைத் தென் மாநிலத் திரையரங்குகள் ஏற்காது என்ற அச்சத்தால் அவரை நிழலுக்குள் தள்ளிவிட்டார்கள். நேர்த்தியான ஒளியமைப்பு என்று முதல் முறை நாம் வியந்ததில் ஒரு பகுதி நிறவெறி இட்ட கட்டளை என்று தெரியவரும்போது படம் கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது.

அடுத்த பதிவில் ஒலியும் கையும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. 1957 டிசம்பர் 8ஆம் தேதி சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'த சவுண்ட் ஆஃப் ஜாஸ்' என்ற நிகழ்ச்சி நேரலையாக ஒளிபரப்பானது. அதில் பாடகி பில்லி ஹாலிடே, தாமே எழுதிய 'ஃபைன் அண்ட் மெல்லோ' என்ற ப்ளூஸைப் பாடுகிறார். உயரமான முக்காலியில் அவர் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் கோல்மன் ஹாக்கின்ஸ், பென் வெப்ஸ்டர், ராய் எல்ட்ரிட்ஜ், ஜெர்ரி மல்லிகன் போன்றவர்கள். விரல் கணுக்களை எண்ணியபடியே பாருங்கள். முதலில் பென் வெப்ஸ்டர் ஒரு சுற்று வாசிக்கிறார், அகன்ற, கனத்த ஒலி. அடுத்து லெஸ்டர் யங் எழுந்து வருகிறார். உடல் நலிந்திருந்த அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு சுற்று, ஒரு நிமிடம்கூட முழுதாக இல்லை. மற்றவர்கள் சுரங்களை அடுக்கும் இடத்தில் அவர் ஒன்றிரண்டை வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். அப்போது கேமரா பில்லியின் பக்கம் திரும்புகிறது. ஒவ்வொரு தொடருக்கும் அவர் தலை மெல்ல அசைகிறது, இதழோரத்தில் சிரிப்பு வருவதும் போவதுமாக இருக்கிறது. இவருக்கு 'லேடி டே' என்று பெயர் வைத்தவர் லெஸ்டர், லெஸ்டருக்குப் 'பிரெஸ்' (பிரெசிடென்ட் என்பதன் சுருக்கம்) என்று பெயர் வைத்தவர் இவர். 1959 மார்ச்சில் லெஸ்டர் இறந்தார், அதே ஆண்டு ஜூலையில் பில்லியும் இறந்தார். இந்தப் பின்கதை தெரியாமல் ஒரு முறை, தெரிந்துகொண்டு ஒரு முறை என இருமுறை பார்ப்பது என் வழக்கம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதே பெயரில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டு, ஒளிபரப்புக்குச் சில நாள் முன்னதாக ஸ்டுடியோவில் பதிவானது. தட்டைக் கேட்டுவிட்டு அதுதான் அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது.

கச்சேரிப் படங்கள்

அதே 1957 நிகழ்ச்சியில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்க், 'புளூ மாங்க்' என்ற தம்முடைய பன்னிரண்டு அளவு ப்ளூஸை வாசிக்கிறார். பியானோவின் வளைவில் இன்னொரு பியானோ கலைஞரான கவுன்ட் பேஸி உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த ஆண்டு நியூபோர்ட் ஜாஸ் விழாவிலும் மாங்க் இதையே வாசித்தார். அது பெர்ட் ஸ்டெர்ன் எடுத்த 'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே' என்ற வண்ணப் படத்தில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், கச்சேரிப் படம் எடுப்பவரின் கை எவ்வளவு நீளமானது என்பது விளங்கும். தொலைக்காட்சியில் மாங்க்கின் முகத்தையும் விரல்களையும் பார்க்கிறோம். ஸ்டெர்னோ விளம்பர, ஃபேஷன் நிழற்படத் துறையிலிருந்து வந்தவர். அப்போது நியூபோர்ட் கடலில் நடந்துகொண்டிருந்த பாய்மரப் படகுப் போட்டியில் அவருக்கு மனம் போய்விட்டது. மாங்க் வாசிக்க வாசிக்கத் திரையில் படகுகள் மிதக்கின்றன. கண்ணுக்குக் குளுமைதான், ஆனால் மாங்க் எங்கே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது. இப்படிப்பட்ட இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு கணுக்களை எண்ணுவதே மேல். மறுபுறம், கறுப்பு உடையும் இறகு வைத்த அகன்ற தொப்பியும் வெள்ளைக் கையுறைகளுமாக மேடையேறும் அனிதா ஓ'டே பாடும்போது இதே இயக்குநர் அவர் முகத்துக்கே திரும்பத் திரும்ப வருகிறார். சொல்லை உடைத்து வெறும் அசைகளாக்கி அவர் தாளத்தோடு விளையாடுவதை வாயசைவோடு சேர்த்துப் பார்க்க முடிகிறது. இறுதியில் கிறித்தவப் பக்திப் பாடகி மஹேலியா ஜாக்ஸன் பாடும் பகுதியை எக்காரணம் கொண்டும் தவறவிடக் கூடாது.

மாங்க்கை நிதானமாகப் பார்க்க விரும்புபவர்கள் ஷார்லட் ஸ்வெரின் இயக்கிய 'ஸ்ட்ரெய்ட், நோ சேசர்' (1988) படத்துக்குப் போகலாம். 1967, 68இல் பிளாக்வுட் சகோதரர்கள் ஜெர்மானியத் தொலைக்காட்சிக்காக எடுத்த படச்சுருள்கள்தான் இதன் உயிர். பியானோ ஆசிரியர்கள் விரலை வளைத்து வைக்கச் சொல்வார்கள், இவரோ விரல்களைத் தட்டையாக நீட்டியே தட்டுகிறார். டெனர் சாக்ஸஃபோனின் முறை வந்ததும் எழுந்து, இருந்த இடத்திலேயே மெல்லச் சுழல்கிறார். பித்து என்று சிலர் நினைத்த அந்தச் சுழற்சியின்போது அவர் காலடி தாளத்தில் விழுகிறதா என்று பாருங்கள். இதே படத்தில் பிற்காலத்தில் டாமி ஃபிளானகனும் பேரி ஹாரிஸும் இரு பியானோக்களில் மாங்க்கின் உருப்படிகளை வாசிக்கிறார்கள். அவர்களுடைய விரல்களோடு ஒப்பிடும்போதுதான் மாங்க்கின் கை என்ன கை என்பது உறைக்கும்.

படமே இல்லாதவர்களின் படம்

ப்ளூஸுக்கு வரும்போது சிக்கல் ஒன்று எழுகிறது. 1920, 30களில் மிசிசிப்பியிலும் டெக்சஸிலும் பாடியவர்களில் மிகப் பெரும்பாலோரை யாரும் படம் பிடிக்கவில்லை. விதிவிலக்கு பெஸி ஸ்மித்; 1929இல் வந்த 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' என்ற குறும்படத்தில் அவர் நடித்துப் பாடுகிறார், அவர் திரையில் தோன்றியது அந்த ஒரே முறைதான். ராபர்ட் ஜான்சனோ 1936இலும் 37இலும் டெக்சஸில் 29 பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு 1938இல் 27 வயதில் இறந்தார். அவர் அசைவதைக் காட்டும் படச்சுருள் கிடையாது. ஆகவே அவரைப் பற்றிய ஆவணப்படங்கள் ஓவியத்தையும் அசைவூட்டத்தையும் நடிப்பையும் கொண்டு இடைவெளியை நிரப்புகின்றன. நாற்சந்தியில் பிசாசுக்கு ஆன்மாவை விற்றுக் கிட்டார் கற்றார் என்ற கதை இவ்வளவு தூரம் பரவியதற்கு, காட்ட வேறு காட்சி இல்லாததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். நாற்சந்தியை எப்போது வேண்டுமானாலும் படம் பிடிக்கலாம்.

பழையதுபோல் தோன்றுவதெல்லாம் பழையது அல்ல என்பதைப் பழகிக்கொள்ள, விம் வெண்டர்ஸின் 'த சோல் ஆஃப் எ மேன்' நல்ல பாடம். மார்ட்டின் ஸ்கார்செஸி 2003இல் ஒருங்கிணைத்த ஏழு படங்களில் இது ஒன்று. பிளைண்ட் வில்லி ஜான்சனும் ஸ்கிப் ஜேம்ஸும் தெருவிலும் ஸ்டுடியோவிலும் பாடும் கறுப்பு வெள்ளைக் காட்சிகள், கையால் சுழற்றும் பழைய கேமராவால் வெண்டர்ஸே எடுத்தவை. அவற்றில் இருப்பவர்கள் நடிகர்கள், ஒலி மட்டும் பழைய தட்டுகளிலிருந்து வருவது. இதே படத்தில் வரும் ஜே. பி. லெனோர் காட்சிகளோ உண்மையானவை. 1960களில் சிகாகோவில் அவருடைய நண்பர்களான ஒரு தம்பதி எடுத்தவை. வரிக்குதிரைக் கோடு போட்ட கோட்டணிந்த லெனோர் கேமராவை நேராகப் பார்த்துப் பாடும்போது, நடிப்புக்கும் இருப்புக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

உண்மையான பாடகர், உண்மையான ஒலி, ஆனால் அரங்கம் மட்டும் பொய் என்பதும் உண்டு. 1964 மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தை கிரனாடா தொலைக்காட்சி அமெரிக்கத் தெற்கு மாநில நிலையம்போல் அலங்கரித்தது: மூட்டைகள், பெட்டிகள், கோழிகள், ஓர் ஆடுகூட. ஒரு நடைமேடையில் இளம் ஆங்கிலேய ரசிகர்கள், தண்டவாளத்துக்கு அப்பால் எதிர் நடைமேடையில் கலைஞர்கள். மழை பெய்து ஓய்ந்த ஈரத்தில் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் நீண்ட கோட்டோடு வந்து, மின்சார கிட்டாரை மாட்டிக்கொண்டு, மழையைப் பற்றிய 'டிடின்ட் இட் ரெய்ன்' என்ற பாட்டைத் தொடங்குகிறார். ஆட்டையும் மூட்டைகளையும் பார்த்துச் சிரிக்கலாம், கோபப்படலாம். அந்தப் பெண் கிட்டாரைத் தொட்டதும் அதெல்லாம் மறந்துபோகிறது. ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்தப் பதிவை ப்ளூஸ் வரிசையின் முதலிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இதற்குப் பின், லெஸ் பிளாங்க் டெக்சஸில் லைட்னின் ஹாப்கின்ஸோடு எடுத்த அரை மணி நேரப் படத்தைப் பாருங்கள். விளக்கவுரையாளர் என்று ஒருவரும் இல்லை, பாட்டும் பேச்சும் வெயிலும்தான். நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸின் 'த லேண்ட் வேர் த ப்ளூஸ் பிகேன்' (1979) ஃபோக்ஸ்ட்ரீம்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வயலிலும் ரயில்பாதை வேலையிலும் பிறந்த பாட்டுகளிலிருந்து தனி ஆளின் ப்ளூஸ் எப்படிக் கிளைத்தது என்பதை அதில் காதாலேயே பின்தொடரலாம்.

பேசுபவர் யார்

ஆவணப்படங்களில் பாதி நேரம் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் கலைஞரோடு வாசித்தவரா, வாழ்ந்தவரா, தட்டுகளைக் கேட்டு வளர்ந்த ரசிகரா என்று ஒவ்வொரு முகத்துக்கும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கென் பர்ன்ஸின் 'ஜாஸ்' (2001) பத்துப் பகுதிகள், ஏறத்தாழ 19 மணி நேரம். முதன்மையாகப் பேசும் வின்டன் மார்சலிஸ் சிறந்த டிரம்பெட் கலைஞர், சொல்வன்மை உள்ளவர், ஆனால் 1961இல் பிறந்தவர். ஏற்கெனவே மரபாக நிலைபெற்ற ஜாஸின்மீது அவருக்கு இருக்கும் பற்று அந்தத் தொடரின் பற்றாகவும் ஆகிவிட்டது. 1960க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகள் அனைத்தும் கடைசிப் பகுதி ஒன்றுக்குள் திணிக்கப்பட்டுவிட்டன. அதை ஒரே மூச்சில் பார்க்காமல் அகராதிபோல் பயன்படுத்துங்கள்: லெஸ்டர் யங்கைப் பார்த்துவிட்டீர்களா, அவர் வரும் பகுதியை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

பேசுபவரின் குரலே படமாகிவிட்டதற்கு எடுத்துக்காட்டு, ஸ்வீடனின் காஸ்பர் காலின் இயக்கிய 'ஐ கால்ட் ஹிம் மோர்கன்' (2016). டிரம்பெட் கலைஞர் லீ மோர்கன் 1972 பிப்ரவரியில், பனி கொட்டிய ஓர் இரவில், நியூயார்க்கின் ஸ்லக்ஸ் கிளப்பில் சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் ஹெலன், போதையில் அழிந்துகொண்டிருந்த அவரை மீட்டெடுத்து மீண்டும் மேடையேற்றிய துணைவி. ஹெலன் 1996இல், தாம் இறப்பதற்குச் சிறிது காலம் முன்பு கொடுத்த ஒரு பேட்டி கேசட்டில் இருந்தது. நாடா இரைச்சலோடு ஒலிக்கும் அந்த முதிய குரலை வைத்தே படம் நகர்கிறது. நீதிமன்ற நாடகமாக எடுத்திருக்கக்கூடிய ஒரு கதையில், தீர்ப்புச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்க நம்மைப் பழக்குகிறது.

சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனைப் பற்றிய 'சேசிங் டிரேன்' (2016) படத்தில் அவருடைய சொற்களை நடிகர் டென்சல் வாஷிங்டன் வாசிக்கிறார். அந்தக் குரலைக் கோல்ட்ரேனின் குரலாக மனத்தில் பதித்துக்கொண்டுவிடாதீர்கள். கோல்ட்ரேன் ரவிசங்கர்மீது கொண்ட மதிப்பால் மகனுக்கு ரவி என்று பெயரிட்டது பலருக்குத் தெரியும். அவர் மனைவியும் பியானோ, ஹார்ப் கலைஞருமான ஆலிஸ், கோவை அருகே செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தரைக் குருவாகக் கொண்டு, 1971இல் வந்த தம் இசைத்தட்டுக்கு அவர் பெயரையே சூட்டினார் என்பது நம்மவர்களுக்கே அவ்வளவாகத் தெரியாது.

நடிகர்கள் கடைசியில்

இவ்வளவும் பார்த்த பிறகு நடிப்புப் படங்களுக்கு வந்தால், நம் கேள்விக்கு ஒவ்வொரு படமும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்வது தெரியும். பெர்ட்ராண்ட் தாவெர்னியேயின் 'ரவுண்ட் மிட்நைட்' (1986) படத்தில் நாயகனாக வரும் டெக்ஸ்டர் கோர்டன் உண்மையான டெனர் கலைஞர். கேமராவின் முன்னாலேயே வாசித்து, அங்கேயே பதிவு செய்தார்கள். அவர் மூச்சு வாங்குவதும் தயங்குவதும் நடிப்பா, முதுமையா என்று பிரிக்கவே முடியவில்லை. 'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்' (2020) படத்திலோ பெரும்பாலான பாட்டுகளில் வயோலா டேவிஸின் வாய்க்கு மேக்ஸெய்ன் லூயிஸின் குரல். இது குறையாகத் தோன்றலாம். ஆனால் 1927 சிகாகோவில் கறுப்பினப் பாடகியின் குரலைத் தட்டில் பிடித்துக்கொண்டு ஆளை வாசலில் நிறுத்தும் வெள்ளை முதலாளிகளைப் பற்றிய கதையில், இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு பொருள் சேர்ந்துவிடுகிறது.

இப்போது 'பேர்ட்' படத்துக்குத் திரும்பலாம். சார்லி பார்க்கரின் பழைய பதிவுகளிலிருந்து அவருடைய சாக்ஸஃபோனை மட்டும் பிரித்தெடுத்து, பக்கவாத்தியங்களைப் புதிதாக வாசித்துச் சேர்த்தார்கள். ஒலிக்காக ஆஸ்கரும் கிடைத்தது. ஃபாரஸ்ட் விட்டேக்கரின் விரல்கள் அசைகின்றன, கேட்பது பார்க்கர், அவரைச் சுற்றி இருப்பதோ அவர் சந்தித்திராத ஸ்டுடியோ. இடையிடையே, டிரம்ஸின் வட்ட உலோகத் தகடான சிம்பல் ஒன்று காற்றில் சுழன்று பறந்து வந்து தரையில் விழுகிறது. 1930களின் நடுவில் கன்சாஸ் சிட்டியில் நடந்த ஒரு ஜாம் அமர்வில் (கலைஞர்கள் கூடி முன்னேற்பாடின்றி வாசிப்பது), பதின்வயதுப் பார்க்கர் தடுமாறியபோது டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ் சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தார் என்பது அங்கிருந்த பாஸ் கலைஞர் ஜீன் ரேமி சொன்ன கதை. 2014இல் வந்த 'விப்லாஷ்' படத்தின் கொடுமைக்கார ஆசிரியர் இதே கதையைச் சொல்லும்போது சிம்பல் தலைக்குக் குறிவைக்கப்படுகிறது, கழுத்து போக இருந்தது என்கிறார். அந்த அவமானமே பார்க்கரை உருவாக்கியது என்பது அவர் வாதம். பின்னர் ஒரு கோடையில் ஓசார்க் மலைப்பகுதியில் வேலைக்குப் போன பார்க்கர், லெஸ்டர் யங் வாசித்த தட்டுகளைப் போட்டுப்போட்டு மனப்பாடம் செய்தார் என்ற பகுதி அந்த ஆசிரியரின் கதையில் இல்லை.

'விப்லாஷ்' முடிந்ததும் 'ஜாமின் த ப்ளூஸ்' படத்தை மறுபடியும் போடுங்கள். அதே லெஸ்டர் யங் அங்கே வாசிக்கிறார், பின்னால் டிரம்ஸில் அதே ஜோ ஜோன்ஸ். குச்சிகள் சிம்பலைத் தொட்டும் தொடாமலும் போகின்றன. முகம் முழுக்கச் சிரிப்பு.